எச்.பி.எஸ்.ஏ.ஜி. பாசிட்டிவ்: பிள்ளை பிறந்த 12 மணி நேரத்துக்குள் இரண்டு ஊசி

கேள்வி: வயது 26, தலைப்பிரசவம், இப்போது 30 வாரம். ரத்தப் பரிசோதனையில் எச்.பி.எஸ்.ஏ.ஜி. பாசிட்டிவ். கணவர் துபாயில் இருக்கிறார். விசா மெடிக்கலில் அவருக்கு நெகட்டிவ். எனக்கு மட்டும் எப்படி வந்தது? சிசேரியன்தான் செய்யணும், தாய்ப்பால் கூடாது என்கிறார்கள் யூடியூப்பில். மாமியார் தினமும் கீழாநெல்லி அரைத்துத் தருகிறார்.
- வாசகி, கருங்கல்

பதில்: 'எனக்கு மட்டும் எப்படி' என்பதுதான் உங்களைத் தூங்கவிடாத வரி. முதலில் அதை முடித்துவிடுவோம். எச்.பி.எஸ்.ஏ.ஜி. பாசிட்டிவ் என்றால் ஈரலைத் தாக்கும் ஹெபடைடிஸ் பி கிருமி உடம்பில் இருக்கிறது என்று அர்த்தம். அது வளர்ந்தவர் உடம்பில் புதிதாக நுழைந்தால், 100 பேரில் ஏறத்தாழ 95 பேருக்குச் சில மாதங்களில் தானாகவே போய்விடும். பிறக்கும்போது தாயிடமிருந்து தொற்றினால் 100 பிள்ளைகளில் 90 பேரிடம் நிலையாகத் தங்கிவிடும். ஒரு தொந்தரவும் இல்லாமல் கர்ப்ப காலச் சோதனையில் தெரியவருகிற பலர், கைக்குழந்தையாகவோ சிறு பிள்ளையாகவோ இருந்தபோதே வாங்கிக்கொண்டவர்கள். நீங்கள் பிறந்த காலத்தில் இந்தக் கிருமிக்கான தடுப்பூசி அரசு அட்டவணையில் கிடையாது. நாடு முழுக்க வந்தது 2011 வாக்கில்தான். எந்த வருஷம், யாரிடமிருந்து என்று எந்தச் சோதனையாலும் சொல்ல முடியாது. கணவரின் நெகட்டிவ் ரிப்போர்ட்டை வைத்து உங்களை யாரும் கேள்வி கேட்பதில் அர்த்தமில்லை. அவரிடம் சொல்லுங்கள். மறுபடி சோதித்து, நெகட்டிவ் என்றால் 0, 1, 6 மாதக் கணக்கில் மூன்று ஊசி போட்டுக்கொள்ளட்டும். உங்கள் அம்மா, கூடப்பிறந்தவர்களும் சோதித்துக்கொள்ள வேண்டும்.

சிசேரியன் இதற்காகத் தேவையில்லை. தாய்ப்பால் முதல் மணி நேரத்திலேயே கொடுக்கலாம். தனித் தட்டு, தனி டம்ளர் எதுவும் வேண்டாம். பிரஷ், பிளேடு, நகவெட்டி மட்டும் தனி. யூடியூப்பை மூடிவையுங்கள்.

எனக்கு இருக்கிற பயம் வேறு. தலைப்பிரசவம் தாய் வீட்டில். செக்கப் ஒரு ஆஸ்பத்திரி, பிரசவம் இன்னொரு ஆஸ்பத்திரி. உங்கள் தாய் வீடு நாகர்கோவில் பக்கமா, கேரளப் பக்கம் பாறசாலைக்கு அப்புறமா என்று எழுதவில்லை. எங்கே என்றாலும் அந்த எச்.பி.எஸ்.ஏ.ஜி. ரிப்போர்ட் உங்களோடு போக வேண்டும். கர்ப்பிணி அட்டையின் முதல் பக்கத்தில் சிவப்பு மையில் எழுதச் சொல்லுங்கள். லேபர் வார்டுக்குள் நுழைந்ததும் நீங்களே வாய்விட்டுச் சொல்லுங்கள்.

ஏனென்றால் பிள்ளைக்கு இரண்டு ஊசி உண்டு. ஒன்று தடுப்பூசி, 0.5 மில்லி, ஒரு தொடையில். மற்றது இம்யூனோகுளோபுலின், 100 யூனிட், மறு தொடையில். இரண்டையும் பிறந்து 12 மணி நேரத்துக்குள் போட்டுவிட வேண்டும். தடுப்பூசி உடம்பைப் பழக்க நாளாகும்; அதுவரை தாக்குப்பிடிக்க, தயாராக இருக்கிற எதிர்ப்பொருளைக் கொடுப்பது இரண்டாவது ஊசி. தவறு நடப்பது இங்கேதான். "ஹெபடைடிஸ் பி ஊசி இருக்கா?" என்று கேட்டால், "இருக்கு" என்பார்கள். அது தடுப்பூசி. இம்யூனோகுளோபுலின் எல்லா ஆஸ்பத்திரி ஃபிரிட்ஜிலும் இருக்காது. சனிக்கிழமை ராத்திரி பிரசவமானால் "திங்கட்கிழமை போடலாம்" என்பார்கள். எடை குறைவு, உடம்பு மஞ்சளாக இருப்பதால் விளக்கின் கீழ் வைத்திருக்கிறோம் என்றும் தள்ளிப்போடுவார்கள். பிறந்த பிள்ளைக்கு வருகிற சாதாரண மஞ்சள் நிறத்துக்கும் இந்தக் கிருமிக்கும் சம்பந்தமில்லை. ஊசியை நிறுத்த அது காரணமும் ஆகாது. அதனால் 36 வாரத்திலேயே கேளுங்கள்: இம்யூனோகுளோபுலின் கையிருப்பில் இருக்கிறதா, இல்லையென்றால் ராத்திரி இரண்டு மணிக்கு எங்கிருந்து வரும்? 2018-இல் தொடங்கிய தேசிய வைரல் ஹெபடைடிஸ் கட்டுப்பாட்டுத் திட்டத்தில் இது இலவசம். நாகர்கோவில் ஆசாரிபள்ளம் மருத்துவக் கல்லூரி மருத்துவமனையில் விசாரியுங்கள்.

இந்த வாரமே வைரல் லோடு (ரத்தத்தில் கிருமி எவ்வளவு என்ற சோதனை) பாருங்கள், ஈரல் நிலையைச் சொல்லும் எஸ்.ஜி.பி.டி.யும் கூடவே. வைரல் லோடு ஒரு மில்லி ரத்தத்துக்கு 2,00,000 யூனிட்டைத் தாண்டினால் ஊசிகளை மட்டும் நம்ப முடியாது. கிருமியை அடக்கும் டெனோபோவிர் மாத்திரை 300 மி.கி. தினம் ஒன்று. 28 வாரத்திலேயே தொடங்குகிற மாத்திரை, உங்களுக்கு ஏற்கெனவே இரண்டு வாரம் போய்விட்டது. பிரசவம் ஆனதும் நீங்களாக நிறுத்தக் கூடாது. திடீரென்று நிறுத்தினால் ஈரல் பாதிப்பு சீறி எழலாம்.

பிள்ளைக்கு 6, 10, 14 வாரத்துப் பென்டாவேலன்ட் ஊசிகள் (ஹெபடைடிஸ் பி உட்பட ஐந்து நோய்களுக்கான தடுப்பூசி) தவறக் கூடாது. பிள்ளைக்கு ரத்தச் சோதனை 9 மாதம் முடிந்த பிறகுதான். அவசரப்பட்டு முன்னாலேயே எடுத்தால் ஊசியின் எதிர்ப்பொருளே ரிப்போர்ட்டில் தெரிந்து குழப்பும்.

அதே ரத்தத்தில் எச்.ஐ.வி., வி.டி.ஆர்.எல். (சிபிலிஸ் என்ற பால்வினை நோய்க்கானது) சோதனையும் செய்திருப்பார்கள். அட்டையில் முடிவு எழுதியிருக்கிறதா பாருங்கள்; வெற்றுக் கட்டத்தை நெகட்டிவ் என்று எடுத்துக்கொள்ளாதீர்கள்.

உங்களுக்குக் கண் மஞ்சளித்து, சிறுநீர் கட்டன் சாயா நிறத்தில் போய், வாந்தி நிற்காவிட்டால் அன்றைக்கே ஆஸ்பத்திரி. பத்தியம் இருந்து பார்க்கலாம் என்று வீட்டில் உட்காராதீர்கள்.

கீழாநெல்லியை இன்றோடு நிறுத்துங்கள். 1980-களில் சென்னையில் நடந்த ஆய்வு ஒன்று நம்பிக்கை கொடுத்தது உண்மைதான். பிறகு மற்ற இடங்களில் செய்து பார்த்தபோது அந்தப் பலன் வரவில்லை. கர்ப்பத்தில் எவ்வளவு சாப்பிடலாம் என்று அளவும் யாரிடமும் இல்லை. மாமியாரிடம் மறுக்கச் சங்கடமாக இருந்தால், டாக்டர் சத்தம் போட்டார் என்று என் தலையில் கட்டிவிடுங்கள்.