வாசகர் கேள்வி – பதில்: வேலை முடிந்து மிஞ்சும் கொழும்பு

இம்முறை வந்த கடிதங்களுள் பாதிக்கு மேற்பட்டவை கொழும்புப் பயணத்தைப் பற்றியவை. வன்னியிலிருந்து கொழும்புக்குப் போகிறவர்கள் நெடுங்காலமாக வைத்தியசாலைக்கோ, கடவுச்சீட்டுக்கோ, வெளிநாடு செல்லும் பிள்ளையை வழியனுப்பவோதான் போய் வந்திருக்கிறார்கள். அலுவல் முடிந்ததும் அன்றிரவே பேருந்தேறி, விடியும்போது வீட்டு வாசலில் நிற்பார்கள். ஓமந்தைச் சோதனைச் சாவடியைக் கடந்து போன நாட்களில் ஊர் பார்க்கும் எண்ணம் யாருக்கும் வந்திராது. இப்போது பார்ப்பதற்கென்றே போக விரும்பி எழுதுகிறீர்கள். அந்த விருப்பம் எனக்கு மிகுந்த மகிழ்ச்சியைத் தருவதால், இப்பக்கம் முழுவதையும் அதற்கே ஒதுக்கியிருக்கிறேன்.

கேள்வி: தரம் 9 மாணவர்கள் நாற்பது பேரை இரண்டு நாள் கல்விச் சுற்றுலாவாகக் கொழும்புக்கு அழைத்துச் செல்ல இருக்கிறோம். பதினான்கு இடங்களைக் குறித்து வைத்திருக்கிறோம். எவற்றைத் தவறவிடக் கூடாது? – ஆசிரியை ஒருவர், துணுக்காய்

பதில்: பதினான்கு வேண்டாம், ஆசிரியை அவர்களே, ஐந்து போதும். காலை ஏழரை முதல் ஒன்பது மணி வரையும், பாடசாலைகள் விடும் நேரத்திலும், மாலை ஐந்து மணிக்குப் பின்னரும் கொழும்பு வீதிகளில் ஒரு பெரிய பேருந்து எப்படி ஊர்ந்து போகும் என்பதைக் கண்டவன் என்பதால் சொல்கிறேன். உங்கள் பட்டியலின்படி போனால் பிள்ளைகள் இரண்டு நாளில் பாதியை ஆசனத்திலேயே கழிப்பார்கள்.

முதல் நாள் முற்பகலை முழுவதுமாகத் தேசிய நூதனசாலைக்குக் கொடுங்கள். ஆளுநர் வில்லியம் கிரெகரியின் முயற்சியால் 1877 சனவரி 1ஆம் திகதி திறக்கப்பட்ட அந்த வெள்ளை மாளிகைக்குள் போனதும் எல்லோரும் கண்டி அரசரின் சிம்மாசனத்தைத் தேடிப் போவார்கள். பார்க்க வேண்டியதுதான், ஒல்லாந்தர் அன்பளிப்பாகக் கொடுத்த அந்த ஆசனம், கண்டி வீழ்ந்த 1815க்குப் பின் இங்கிலாந்துக்குக் கொண்டு செல்லப்பட்டு 1934இல் திரும்பி வந்த கதையைப் பிள்ளைகள் ஆவலோடு கேட்பார்கள். ஆயினும் அவர்களை நீண்ட நேரம் நிறுத்தி வைத்துக் காட்ட வேண்டியவை வேறு இரண்டு.

ஒன்று, காலி மும்மொழிக் கல்வெட்டு. சீனக் கடற்படைத் தளபதி செங் ஹே கொண்டுவந்த, 1409ஆம் ஆண்டுத் திகதியைக் கொண்ட இக்கல், 1911இல் காலி நகரில் ஒரு வாய்க்காலின் மூடுகல்லாகக் கிடந்தபோது கண்டெடுக்கப்பட்டது. வலப்புறத்தில் சீனம், இடப்புறத்தின் மேற்பாதியில் தமிழ், கீழ்ப்பாதியில் பாரசீகம் என மூன்று மொழிகள் அதில் பொறிக்கப்பட்டிருக்கின்றன. சீனப் பகுதி புத்தரைப் போற்றுகிறது. தமிழ்ப் பகுதி தேனாவரை நாயனார் என்ற தெய்வத்தைப் போற்றுகிறது. பாரசீகப் பகுதி இசுலாத்தின் இறைவனைப் போற்றுகிறது. தேனாவரை என்பது தீவின் தென்கோடியில் உள்ள இன்றைய தெவிநுவரவாகும். தொலைதூரத்திலிருந்து கப்பலில் வந்த ஒருவர், இந்தத் தீவில் தம் சொல் விளங்க வேண்டுமாயின் தமிழிலும் எழுத வேண்டும் என்று அறுநூறு ஆண்டுகளுக்கு முன்னரே அறிந்திருந்தார் என்பதைப் பிள்ளைகளுக்கு அக்கல்லின் முன் நின்று சொல்லுங்கள். நான் கடைசியாகப் போயிருந்தபோது, ஒரு சிறுமி தன் சுட்டுவிரலைக் கல்லில் படாமல் காற்றில் நகர்த்தி, தேய்ந்துபோன வரிகளில் ‘க’வைத் தேடிக்கொண்டிருந்தாள். அவளுடைய வகுப்பு அடுத்த மண்டபத்துக்குப் போய்விட்டிருந்தது. ஆசிரியர் திரும்பி வந்து கையைப் பிடித்து இழுக்கும்வரை அவள் அசையவில்லை. அந்த ஐந்து நிமிடங்களை உங்கள் மாணவர்களுக்கும் கொடுங்கள்.

மற்றது, பொலனறுவைச் சிவாலயங்களின் அகழ்வில் கிடைத்த வெண்கலச் சிலைகள். நடராசரின் அழகை யாரும் சொல்லித் தர வேண்டியதில்லை; காரைக்கால் அம்மையாரை மட்டும் தேடிக் காட்டுங்கள். விலா எலும்பு தெரிய, கன்னம் ஒட்டிப்போய், கையில் தாளத்தோடு அமர்ந்திருக்கும் அந்த முதிய உருவத்தின் முகத்தில் இருக்கும் நிறைவைத் தரம் 9 பிள்ளைகள் உணர்வார்கள் என்றே நம்புகிறேன்.

நண்பகலில் அருகிலுள்ள விகாரமகாதேவிப் பூங்காவின் நிழலில் சோற்றுப் பொதியை அவிழ்த்துச் சாப்பிட்டுவிட்டு, வெயில் தாழ்ந்ததும் சுதந்திரச் சதுக்கத்துக்கும், மாலையில் காலிமுகத்திடலுக்கும் போகலாம். ஆளுநர் ஹென்றி வார்ட் 1859இல் அமைத்த இத்திடலில் பட்டம் விடுவதும் இறால் வடை தின்பதும் மட்டுமல்ல, 1956 யூன் 5ஆம் திகதி தனிச் சிங்களச் சட்டத்துக்கு எதிராகத் தமிழரசுக் கட்சியினர் அறவழியில் அமர்ந்து அடிவாங்கியதும் நிகழ்ந்திருக்கிறது என்பதை வரலாற்று ஆசிரியர் யாரேனும் உடன் வந்தால் அவ்விடத்திலேயே சொல்ல வேண்டும்.

ஒரு முக்கியமான எச்சரிக்கை. முல்லைத்தீவுப் பக்கத்துப் பிள்ளைகள் தங்களுக்குக் கடல் தெரியும் என்ற துணிவில் இறங்குவார்கள். சோளகம் என்னும் தென்மேற்குப் பருவக்காற்று வீசும் மாதங்களில் நம் கரையில் கடல் குளம்போலக் கிடக்கும். அதே நாட்களில்தான் மேற்குக் கரையில் அலை சீறி அடிக்கும். வாடைக் காலத்தில் இது தலைகீழாக மாறும். ஆகவே மே முதல் செப்ரெம்பர் வரை காலிமுகத்திடலிலும் கல்கிசையிலும் கால் நனைப்பதற்குக்கூட ஆசிரியர் ஒருவர் முன்னே நிற்க வேண்டும்.

இரண்டாம் நாள் காலை, விலங்குகள் சோர்ந்து படுக்கும் முன்பாகத் தெகிவளை மிருகக்காட்சிசாலைக்குப் போய்விடுங்கள். யானைக் கொட்டிலில் அதிக நேரம் நிற்க வேண்டாம். பயிரை யானை மிதித்துப் போவதைக் கண்டு வளர்ந்த பிள்ளைகளுக்குச் சங்கிலியில் நிற்கும் யானை புதுமையன்று, வேதனையாகவும் இருக்கலாம். ஒட்டகச்சிவிங்கியும் மீன் காட்சியகமும் அவர்களுக்குப் புதியவை. அங்கிருந்து கல்கிசைக் கரைக்குப் போய் வந்தால் அந்த நாள் நிறைந்துவிடும்.

நூதனசாலை போன்ற இடங்கள் அரச விடுமுறை நாட்களில் திறந்திருக்குமா என்பதைப் புறப்படுமுன் கேட்டறியுங்கள். பாடசாலைக் கடிதத் தலைப்பில் முன்கூட்டியே எழுதினால் நுழைவுக் கட்டணச் சலுகையைப் பற்றியும் கேட்கலாம்.

கேள்வி: தாமரைக் கோபுரத்துக்குக் கட்டணம் கொடுத்து ஏறுவது தகுமா? – வாசகர், நெடுங்கேணி

பதில்: ஒரு முறை தகும். 350 மீற்றருக்கு மேல் உயர்ந்து நிற்கும் இக்கோபுரம் 2022 செப்ரெம்பரில்தான் மக்கள் பார்வைக்குத் திறக்கப்பட்டது. பேரை வாவி, துறைமுகம், கடலை நிரப்பி உருவாக்கிய துறைமுக நகர் ஆகிய மூன்றும் மேலிருந்து ஒரே பார்வையில் தெரியும். சூரியன் மறைவதற்கு முக்கால் மணி நேரம் முன்பாக ஏறினால், பகல் வெளிச்சத்தையும் விளக்கேறும் நகரையும் ஒரே கட்டணத்தில் காணலாம். வானம் மப்பாக இருந்தால் அந்தப் பணத்தைச் சேமித்துக்கொள்ளுங்கள்.

கேள்வி: இலங்கையின் தலைநகர் கொழும்பா, கோட்டையா? பரீட்சையில் எழுதுவது ஒன்று, எல்லோரும் சொல்வது வேறொன்றாக இருக்கிறது. அங்கே பார்க்க ஏதேனும் உண்டா? – மாணவி, மாங்குளம்

பதில்: தங்கையே, சட்டப்படி நிருவாகத் தலைநகர் ஸ்ரீ ஜயவர்த்தனபுரக் கோட்டை, வர்த்தகத் தலைநகர் கொழும்பு. கொழும்பின் மையத்தில் புகையிரத நிலையம் இருக்கும் ‘கோட்டை’ வேறு, இந்தக் கோட்டை வேறு என்பதையும் மனத்தில் வைத்துக்கொள்ளுங்கள். பதினைந்தாம் நூற்றாண்டில் ஆறாம் பராக்கிரமபாகு அரசாண்ட இடம் இது. யாழ்ப்பாண இராச்சியத்தைக் கைப்பற்றிய செண்பகப் பெருமாள் புறப்பட்டதும் இந்த அரசிலிருந்துதான். கட்டடக் கலைஞர் ஜெப்ரி பாவா வடிவமைத்த நாடாளுமன்றம் தியவன்னா ஓயாவின் நடுவே 1982 ஏப்ரலில் திறக்கப்பட்டது. பாடசாலை மாணவர்கள் முன்கூட்டியே எழுத்தில் விண்ணப்பித்து அனுமதி பெற்று உள்ளே போகலாம்.

என்னைக் கேட்டால், அதன் அருகேயுள்ள பெத்தகானச் சதுப்புநிலப் பூங்காவையும் பார்த்துவிட்டு வாருங்கள் என்பேன். மரப்பலகைப் பாதையில் நடந்தபடியே நீர்க்காகத்தையும் கொக்கையும் பார்க்கலாம். இத்தகைய ஈரநிலங்களுக்காகவே 2018இல் கொழும்புக்கு ராம்சார் என்னும் பன்னாட்டு ஈரநில உடன்படிக்கையின்கீழ் ‘ஈரநில நகரம்’ என்ற அங்கீகாரம் கிடைத்தது. குளக்கட்டில் நடந்து வளர்ந்த உங்களுக்கு, மழைவெள்ளத்தை வாங்கி வைத்துக்கொள்ளும் தாழ்நிலத்தை நிரப்பிவிட்டால் ஒரு நகரத்துக்கு என்ன நேரும் என்பதை வேறு யாரும் விளக்க வேண்டியதில்லை.

கேள்வி: கிளிநொச்சியிலிருந்து போவதற்குப் பேருந்தா, புகையிரதமா? – வாசகர், பரந்தன்

பதில்: பிள்ளைகளோடும் முதியவர்களோடும் போவதாயின் புகையிரதமே. 1990இல் நின்றுபோன பாதை 2013 செப்ரெம்பரில் கிளிநொச்சி வரை மீண்டும் வந்தபோது மேடையில் நின்று அழுதவர்களை நான் அறிவேன். நேர அட்டவணை அடிக்கடி மாறுவதால் நிலையத்திலேயே கேட்டு, ஆசனத்தை முன்பதிவு செய்துகொள்ளுங்கள். கொழும்பு போய்ச் சேர்ந்த பின், கோட்டை நிலையத்திலிருந்து கல்கிசைக்குப் போகும் கரையோரப் புகையிரதத்தில் ஒரு முறையேனும் வலப்பக்க ஆசனத்தில் அமர்ந்து போய் வாருங்கள். கொள்ளுப்பிட்டி, பம்பலப்பிட்டி, வெள்ளவத்தை என்று நிலையங்கள் கழியக் கழியக் கடல் தண்டவாளத்தின் பக்கமாகவே வரும். மிகக் குறைந்த செலவில் கொழும்பில் கிடைக்கும் மிகச் சிறந்த காட்சி இதுதான். வேலை நாட்களில் காலையும் மாலையும் நெரிசல் மிகுதி. பத்து மணிக்குப் பின் ஏறுங்கள்.

கேள்வி: அம்மாவை மாதந்தோறும் மகரகமை வைத்தியசாலைக்கு அழைத்துச் செல்கிறேன். இரத்தப் பரிசோதனைக்கும் வைத்தியரைக் காண்பதற்கும் இடையில் ஒரு முழு நாள் வெறுமையாகக் கிடைக்கிறது. விடுதி அறையில் சுவரைப் பார்த்தபடி இருக்கிறார். அதிகம் நடக்க முடியாத அவரை எங்கே கூட்டிப்போகலாம்? – மகள், விசுவமடு

பதில்: உங்கள் கடிதத்தை இரண்டு முறை வாசித்தேன், மகளே. ஒரே ஒரு இடத்துக்குக் கூட்டிப்போங்கள்: கொச்சிக்கடைப் பொன்னம்பலவாணேசர் கோயில். 138ஆம் இலக்கப் பேருந்தில் புறக்கோட்டை வரை வந்து, அங்கிருந்து ஓட்டோ பிடித்தால் அம்மா நடக்க வேண்டியது சில அடிகள்தான். பொன்னம்பல முதலியார் 1850களில் கட்டிய இக்கோயிலை அவருடைய மகன் சேர் பொன்னம்பலம் இராமநாதன் 1907 முதல் 1912 வரையான காலத்தில் முழுவதும் கருங்கல்லால் திருப்பிக் கட்டினார். வெளியே துறைமுகப் பாரவூர்திகளின் இரைச்சல் ஓயாது. உள்ளே போனால் கல்லின் குளிர்ச்சி காலில் ஏறும். தூண்களுக்கிடையே விளக்கு வெளிச்சம் மட்டும் நிற்கும். எண்ணெய்ப் புகை படிந்து கறுத்த அந்தக் கற்தூணில் முதுகைச் சாய்த்து ஒரு மணி நேரம் அமர்ந்திருந்தால், மருந்து வாசனையிலிருந்து மனம் சற்று விலகும். நண்பகலில் நடை சாத்திவிடுவார்கள் என்பதால் காலையிலேயே போங்கள், அல்லது மாலைப் பூசைக்குப் போங்கள்.

அருகிலேயே புனித அந்தோனியார் ஆலயம் இருக்கிறது. 2019 ஏப்ரல் 21 அன்று அங்கே நிகழ்ந்த குண்டுவெடிப்பை அம்மா அறிந்திருப்பார். எல்லாச் சமயத்தவரும் மெழுகுதிரி ஏற்றும் இடம் அது. அவர் விரும்பினால் அங்கும் ஒரு திரி ஏற்றட்டும். செவ்வாய்க்கிழமைகளில் கூட்டம் மிகுதியாக இருக்கும் என்பதால் அந்த நாளைத் தவிர்த்துவிடுங்கள்.

செட்டியார் தெருவும் நகைக்கடைகளும் பக்கத்தில்தான், ஆனால் அன்றைக்கு வேண்டாம். திரும்பும் வழியில் நெரிசல் தொடங்குமுன் பேருந்தில் ஏறிவிட்டால் அம்மாவுக்கு யன்னலோர ஆசனம் கிடைக்கும்.