நட்சத்திரங்கள் ஆடிப்பாடி நிதி திரட்டினால் தன்பாலீர்ப்பாளர்களுக்குச் சம உரிமை வந்துவிடுமா?

வராது. ஆனால் வக்கீல் செலவுக்கு ஆகும். ஒருமுறை உள்ளே உட்கார்ந்து பார்த்தவன் என்பதால் சொல்கிறேன்.

1999-இல் ஒய்2கே வேலைக்காக, அதாவது 2000 பிறக்கும்போது கணினிகள் தேதியைக் குழப்பிவிடாமல் பார்த்துக்கொள்ளும் வேலைக்காக, லண்டன் போயிருந்தேன். ஆபீஸில் ஒருவர், தன்னால் போக முடியவில்லை என்று ஒரு டிக்கெட்டை என் தலையில் கட்டினார். ஆல்பர்ட் ஹால் அரங்கம், பாடகர் எல்டன் ஜான். எனக்குத் தெரிந்தது அவ்வளவுதான். வாசலில் வாளியைக் குலுக்கிக்கொண்டு நின்றார்கள்; ஏதோ அநாதை இல்லத்துக்கு என்று நினைத்து ஒரு பவுண்டு போட்டேன். இருக்கையில் உட்கார்ந்து நிகழ்ச்சிப் புத்தகத்தைப் புரட்டியபோதுதான் விஷயம் தெரிந்தது. தன்பாலீர்ப்பாளர் உரிமைக்காகப் போராடும் 'ஸ்டோன்வால்' அமைப்புக்காக நடத்தும் 'ஈக்வாலிட்டி ஷோ' அது. நம்மூரில் தன்பாலுறவைக் குற்றமாக்கிய இபிகோ 377 அப்போது உயிரோடு இருந்தது. அதை 1860-இல் நமக்கு எழுதிக் கொடுத்ததும் இந்த ஊர்க்காரர்கள்தான். முதல் பத்து நிமிடம் யாராவது தெரிந்த முகம் இருக்கிறதா என்றுதான் பார்த்துக்கொண்டிருந்தேன். ஐயாயிரம் பேர் அமரும் வட்ட அரங்கம். கூரையில் எதிரொலியை அடக்க ராட்சதக் காளான்கள் மாதிரி தொங்கவிட்டிருப்பார்கள். பிறகு அவற்றையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

பக்கத்து இருக்கையில் ஐம்பது வயதைத் தாண்டிய ஒரு பெண்மணி. பள்ளி ஆசிரியை. இடைவேளையில் பேச்சுக் கொடுத்தார். பிரிவு 28 பற்றி முதன்முதலாக அவரிடம்தான் கேட்டேன்.

பிரதமர் தாட்சரின் அரசு 1988-இல் கொண்டுவந்த உள்ளாட்சிச் சட்டத்தில் இருந்தது அந்தப் பிரிவு. உள்ளாட்சி மன்றங்கள் தன்பாலீர்ப்பை 'ஊக்குவிக்க'க் கூடாது; அதை ஒரு 'பாசாங்குக் குடும்ப உறவாக' ஏற்கலாம் என்று பள்ளியில் கற்பிப்பதையும் ஊக்குவிக்கக் கூடாது. இதன் கீழ் யாரும் தண்டிக்கப்பட்டதில்லை. அதற்குத் தேவையே இருக்கவில்லை, பயமே போதுமானதாக இருந்தது. ஒரு பையன் வகுப்பு முடிந்து தனியாக வந்து தன்னைப் பற்றி ஏதோ சொல்ல ஆரம்பித்தானாம். "வீட்டுப்பாடம் முடித்தாயா என்று கேட்டேன்" என்றார். அதற்கு மேல் அவர் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை.

நாடகக்காரர்கள் ஏன் இதில் குதித்தார்கள் என்பதற்கும் விடை அந்தப் பிரிவில்தான் இருக்கிறது. பல அரங்குகள் உள்ளாட்சி மானியத்தில் ஓடுபவை. தன்பாலுறவுக்காகச் சிறை சென்ற நாடகாசிரியர் ஆஸ்கர் வைல்டை மேடையேற்றினால் அது 'ஊக்குவிப்பா' என்ற கேள்வி வந்தது. 1988 ஜனவரியில் நடிகர் இயன் மெக்கெல்லன் பிபிசி வானொலி விவாதம் ஒன்றில் தான் தன்பாலீர்ப்பாளர் என்று வெளிப்படையாகச் சொன்னார். ஜூன் 5 அன்று பிக்கடிலி தியேட்டரில் 'பிஃபோர் தி ஆக்ட்' என்று ஒரு கலைநிகழ்ச்சி நடந்தது. அன்று நடித்ததும் பாடியதும் தன்பாலீர்ப்பு எழுத்தாளர்கள், இசையமைப்பாளர்களின் படைப்புகள். 'ஆக்ட்' என்றால் சட்டமும்தான், நாடகத்தின் அங்கமும்தான். மேடையிலிருந்து இவற்றை எடுத்துவிட்டால் என்ன மிஞ்சும் என்று காட்டுவதற்கு இதைவிட நல்ல வழி எனக்குத் தோன்றவில்லை. மறு வருடம் மெக்கெல்லனும் வேறு சிலரும் சேர்ந்து ஸ்டோன்வாலைத் தொடங்கினார்கள்.

இப்போது பணத்துக்கு வருகிறேன். சட்டத்தை மாற்றுவதையே முக்கிய நோக்கமாக வைத்திருக்கும் அமைப்பை இங்கிலாந்துச் சட்டம் அறக்கட்டளையாக ஏற்காது. அறக்கட்டளைக்கான வரிச்சலுகையும் கிடையாது. ஸ்டோன்வாலைப் போலச் சட்டத்தை மாற்றச் சொல்லி அழுத்தம் கொடுக்கும் லாபி குழுவாகத் தொடங்கியவர்களுக்கு டிக்கெட் விற்ற காசு சாதாரணமானதல்ல. தன்பாலீர்ப்பாளர்கள் என்பதற்காக ராணுவத்திலிருந்து வெளியேற்றப்பட்ட நான்கு பேரின் வழக்கில் இந்த அமைப்பு துணை நின்றது. 1999 செப்டம்பரில் ஸ்டிராஸ்பர்க்கில் உள்ள ஐரோப்பிய மனித உரிமை நீதிமன்றத்தில் அவர்கள் ஜெயித்தார்கள். தன்பாலீர்ப்பாளர்கள் ராணுவத்தில் இருக்கக் கூடாது என்ற தடை 2000 ஜனவரியில் நீங்கியது. ஒரு பாட்டுக்காக எந்த நீதிபதியும் மனம் மாறவில்லை. ஆனால் அந்த நீதிமன்றம் வரை போய்ச் சேரப் பணம் வேண்டும்.

இந்த மாதிரி மேடைகளில் ஒரு ஆபத்தும் உண்டு, அதை அன்றே பார்த்தேன். எல்டன் ஜான் பாடும்போது சாரணர் சீருடையில் ஆடவந்த ஆண்கள் உடைகளைக் கழற்ற ஆரம்பித்தார்கள். அரங்கமே விசில். ஆசிரியை மட்டும் கைதட்டுவதை நிறுத்திவிட்டு, "நாளைக்குப் பேப்பரில் இதுதான்" என்றார். சொன்னபடியே நடந்தது. சாரணர் அமைப்பு கண்டித்தது. பத்திரிகைகளுக்கு வெறும் வாயை மென்றவனுக்கு அவல் கிடைத்த மாதிரி. உடலுறவுக்கான சம்மத வயதை எல்லாருக்கும் சமமாக்கும் போராட்டமும் பிரிவு 28-ஐ நீக்கும் முயற்சியும் சூடாக இருந்த நேரம் அது. 'பிள்ளைகளைக் கெடுக்கிறார்கள்' என்று எதிர்த்தரப்பு ஓயாமல் சொல்லிக்கொண்டிருந்தபோது சாரணர் உடைதானா கிடைத்தது? மேடையில் இருப்பவர்களுக்குக் கைதட்டல்தான் கணக்கு, ஓட்டு எண்ணிக்கை இல்லை. நாடாளுமன்றத்தின் மேலவையான பிரபுக்கள் சபை 2000 பிப்ரவரியில் பிரிவு 28-ஐ நீக்க மறுத்தது. அதற்கு அந்த ஆட்டம்தான் காரணம் என்று சொல்ல மாட்டேன். அந்தச் சபை எப்படியும் அப்படித்தான். இங்கிலாந்திலும் வேல்ஸிலும் அந்தப் பிரிவு நீங்க 2003 நவம்பர் வரை ஆயிற்று.

அரங்கம் முழுக்கத் தன்பாலீர்ப்பாளர்கள்தான் இருந்தார்கள் என்று நினைக்காதீர்கள். என்னைப் போலப் பாட்டுக்காக வந்தவர்களும் கணிசம். ஊர்வலம் என்றால் தெருவின் எதிர்ப்பக்கம் போயிருப்பேன். இங்கே மூன்று மணிநேரம் உட்கார்ந்தேன்.

மறுநாள் டிக்கெட் கொடுத்தவர் எப்படி இருந்தது என்று கேட்டபோது "நன்றாகப் பாடினார்" என்றேன். நிகழ்ச்சிப் புத்தகம் என்னிடம் இல்லை. முந்தைய இரவே, ஈஸ்ட்ஹாம் வருவதற்கு முன் ரயில் இருக்கையில் வைத்துவிட்டு இறங்கியிருந்தேன். அறையில் என்னோடு மூன்று பேர் தங்கியிருந்தார்கள்.