கிளிநொச்சியில் இருந்துகொண்டு திறந்த மூலத் திட்டத்துக்குக் கோட் (நிரல்) எழுதத் தொடங்குவது எப்படி?

அறிவியல் நகரில் இரண்டாம் வருடம் படிக்கிற தம்பி கேட்டிருப்பது இதுதான்: பைத்தன் நிரல்மொழி ஓரளவு தெரியும், ஆங்கிலம் மட்டுமட்டு, இந்தத் திட்டங்கள் எவரும் பார்த்துத் திருத்தும்படி கிடக்கிற கிட்ஹப் தளத்தைத் திறந்தால் எங்கே கைவைப்பது என்று விளங்கவில்லை.

நான் மாங்குளம். எனக்கும் முதலில் எல்லோரும் சொன்னது, 'குட் ஃபர்ஸ்ட் இஷ்யூ' (புதியவருக்கு ஏற்ற வேலை) என்ற லேபிளைத் தேடு என்பதுதான். தேடினேன். பேர்பெற்ற திட்டங்களில் அந்த லேபிள் விழுந்த சூட்டோடு நாலு பேர் 'நான் செய்கிறேன்' என்று எழுதியிருப்பார்கள். அதில் மூன்று பேர் பிறகு அந்தப் பக்கம் எட்டிப் பார்த்திருக்க மாட்டார்கள். அந்த வரிசையில் ஐந்தாவதாகப் போய் நிற்காதீர்கள். நீங்களே தினமும் பாவிக்கிற ஒன்றில் உங்களுக்கு எரிச்சல் தருகிற இடத்தைப் பிடியுங்கள். தமிழில் எழுதுகிற ஆட்களுக்கு அதற்குப் பஞ்சமே இல்லை.

எனக்கு அகப்பட்டது பைத்தனில் எழுதிய ஒரு சின்னக் குறிப்புச் செயலி. 'முல்லைத்தீவு பஸ்' என்று ஒரு கோப்புறைக்குப் பெயர் வைத்தால் பக்கப் பட்டியலில் 'முல்லைத்த...' என்று திக்கிக்கொண்டு நிற்கும். ஏன் என்று பார்த்தால், முல்லைத்தீவு நமக்கு ஆறு எழுத்து, நீளத்தை எண்ணுகிற பைத்தனின் லென் கணக்கில் 12. மெய்க்குப் புள்ளி தனி, ஈகாரக் குறி தனி என்றுதான் யூனிகோடில் (கணினியின் எழுத்துக் குறியீட்டு முறை) சேமிக்கப்படுகிறது. செயலியோ 12 இடத்துக்கு மேல் போனால் ஒன்பதோடு வெட்டி மூன்று புள்ளி போடும். ஒன்பதாவது இடம் 'தீ'யின் நடுவில் வந்து விழுகிறது. ஆங்கிலத்தில் மட்டும் எழுதுகிறவர் கண்ணில் இது ஆயுளுக்கும் படாது.

இரண்டாயிரம் வரியில் அந்த இடத்தை எப்படிக் கண்டுபிடித்தேன்? திரையில் தெரிந்த அந்த மூன்று புள்ளியையே நிரலுக்குள் தேடினேன். இந்த வித்தை எப்போதும் கைகொடுக்கும்: பட்டனில் உள்ள சொல், பிழைச் செய்தி, எது கண்ணுக்குத் தெரிகிறதோ அதைத் தேடுங்கள். பைத்தனோடு கூடவே வரும் யூனிகோட்டேட்டா தொகுதியை வைத்து, குறிகளைத் தனி எழுத்தாக எண்ணாமல் விட்டேன். மூன்று வரி மாற்றம். அதற்கு இரண்டு சனி ஞாயிறு போனது. பெரும்பகுதி, செயலியை என் லப்டொப்பில் ஓட வைப்பதற்கே.

அங்கேதான் பலர் கைவிடுகிறார்கள். 'கான்ட்ரிபியூட்டிங்' என்று ஒரு கோப்பு இருக்கும், அதை முதலில் வாசியுங்கள். ஃபோர்க் செய்து (உங்கள் கணக்கில் ஒரு பிரதி), குளோன் எடுத்து (அதை உங்கள் கணினிக்கு இறக்கி), உங்கள் மாற்றத்துக்கென்று தனிக் கிளை போட்டு, எதையும் மாற்றமுன் டெஸ்ட்டுகளை (செயலி சரியாக ஓடுகிறதா என்று சோதிக்கிற நிரல்களை) ஒருக்கா ஓட்டிப் பாருங்கள். சிம் டேட்டாவில் இருப்பவர்கள் குளோனுக்கு டெப்த் 1 கொடுத்தால் பழைய வரலாறு முழுக்க இறங்காது, கடைசி நிலை மட்டும் வரும். ஒரு பெரிய ஆபிஸ் மென்பொருளின் நிரலை இது தெரியாமல் இறக்கப் போய், மாத டேட்டா ஒரே பின்னேரத்தில் முடிந்த கதை என்னிடம் இருக்கிறது.

சரி, முதல் புல் ரிக்வெஸ்ட்டுக்கு (என் மாற்றத்தைச் சேர்க்கச் சொல்லும் கோரிக்கை) வருவோம். மூன்று வரிதான் மாற்றினேன், ஆனால் மாற்றங்களைக் காட்டும் டிஃப்பில் 600 வரிக் கோப்பு முழுக்கச் சிவப்பும் பச்சையுமாகக் காட்டியது. விண்டோஸில் என் எடிட்டர் வரி முடிவுக் குறிகளை எல்லாம் மாற்றிவைத்திருக்கிறது. திட்டத்தைப் பராமரிப்பவர் 'உங்கள் டிஃப்பை ஒருமுறை பாருங்கள்' என்று மட்டும் எழுதினார். வெட்கத்தில் மூடிவிட்டு ஓடலாம் போலிருந்தது. ஓடத் தேவையில்லை, புதிதாகத் திறக்கவும் தேவையில்லை: அதே கிளையில் திருத்திப் புஷ் செய்தால் (கிட்ஹப்புக்கு ஏற்றினால்) அதே ரிக்வெஸ்ட் புதுப்பிக்கப்படும். அதற்குப் பிறகு 19 நாள் ஒரு சத்தமும் இல்லை. அவர்களும் வேலைக்குப் போய்வந்து இரவில் பார்க்கிறவர்கள். இரண்டு கிழமை கழித்து ஒரு பணிவான ஞாபகமூட்டல் போதும்.

ஆங்கிலத்துக்குப் பயப்பட வேண்டாம். பிழையை அறிவிக்கிற இஷ்யூவில் எழுத வேண்டியது மூன்றுதான்: என்ன செய்தேன், என்ன வருமென்று எதிர்பார்த்தேன், என்ன வந்தது. என் இஷ்யூ ஐந்தே வசனம், ஒரு ஸ்கிரீன்ஷொட் எடுத்து ஒட்டினேன். செயற்கை நுண்ணறிவு எழுதித் தந்த, உங்களுக்கே விளங்காத நிரலை மட்டும் அனுப்பாதீர்கள். ஜென்டூ லினக்ஸ் என்ற இயங்குதளத் திட்டம் 2024இல் செயற்கை நுண்ணறிவு கொண்டு எழுதிய பங்களிப்புகளையே தடைசெய்துவிட்டது.

'இங்கேயிருந்து என்னத்தைச் செய்வது' என்று நினைத்தால் சகானாவைப் பாருங்கள். 2004 சுனாமி முல்லைத்தீவுக் கரையையும் வாரிக்கொண்டு போன நாட்களில், முகாம்களையும் தேடப்படுவோரையும் பதிய இந்த நாட்டு நிரலாளர்கள் எழுதிய திறந்த மூல மென்பொருள் அது. 2010இல் ஹெய்ட்டி நிலநடுக்கத்துக்கும் அதைத்தான் எடுத்தார்கள்.

கோடைகாலக் கொடுப்பனவுக்காக என்றால், திறந்த மூலத் திட்டங்களில் வேலைசெய்யக் கூகுள் பணம் தருகிற கூகுள் சம்மர் ஆஃப் கோட் இருக்கிறது. ஆனால் நீங்கள் விண்ணப்பிக்கிற திறந்த மூலத் திட்டத்தில் முன்பே இரண்டு மூன்று சின்னத் திருத்தம் செய்தவருக்குத்தான் வாய்ப்பு அதிகம்.

என் மூன்று வரியும் கடைசியில் சேர்ந்துவிட்டது. அதே பட்டியலில் தமிழ்ப் பெயர்களை அகரவரிசைப்படுத்தினால் 'க்ஷ' இன்னும் 'க'வுக்குள்ளேதான் போய் உட்காருகிறது, ஒருவரும் எடுக்கவில்லை. உங்களுக்கு நேரமிருந்தால் எடுங்கள், செயலியின் பெயரைத் தனியாக அனுப்புகிறேன்.