கண்ணாடி மாதிரி தெளிந்து வரும் சுத்திகரித்த தண்ணீரைக் கேரட்டுக்குப் பாய்ச்சலாமா?

ஊட்டிப் பக்கம் கழிவுநீர் நிலையத்திலிருந்து வரும் தண்ணீரில் மருந்துக்கு அடங்காத கிருமி இருக்குமா, கேரட்டுக்குப் பாய்ச்சலாமா என்று கேட்டிருக்கிறீர்கள். நிலையத்துக்குக் கீழே ஓடையோரம் தோட்டம் வைத்திருப்பவர் என்று நினைக்கிறேன். கிருமி இருக்கும். பச்சையாகத் தின்னும் எதற்கும் பாய்ச்சாதீர்கள். பிடுங்கிய கேரட்டை அதில் கழுவவே கழுவாதீர்கள்.

நான் நீலகிரியில் அப்படி ஒரு நிலையத்தில் 11 வருடமாக ஆபரேட்டர். காலையில் ஏரேஷன் தொட்டி, அதாவது கழிவைத் தின்னும் பாக்டீரியாவுக்குக் காற்று ஊதும் தொட்டித் தண்ணீரை ஒரு லிட்டர் சிலிண்டரில் பிடித்து அரை மணி நேரம் வைப்பேன். கசடு அடியில் படிந்து மேலே தெளிந்து நின்றால் அன்றைக்கு மனசு நிறைந்துவிடும். ஜனவரியில் உறைபனி விழும்போது தொட்டியில் இருக்கும் பாக்டீரியா மந்தமாகிவிடும். அப்போதும் காற்று ஊதும் ப்ளோயரைக் கூடுதல் நேரம் ஓட்டி, ராத்திரி முழுக்கக் கூடவே இருந்து சமாளித்திருக்கிறேன். மத்திய அரசின் 2017 அறிவிக்கைப்படி எங்களைப் போன்ற ஊர்களுக்கு பி.ஓ.டி. (தண்ணீரில் மிச்சமிருக்கும் அழுக்கைக் காட்டும் அளவு) லிட்டருக்கு 30 மில்லிகிராமுக்குள், மலக்கோலிபார்ம் (மலத்திலிருந்து வரும் பாக்டீரியா) 100 மில்லியில் 1000-க்குள் இருக்க வேண்டும். அதற்குள் வைத்திருந்தோம் என்பதில் எனக்குப் பெருமை உண்டு.

இரண்டு வருடத்துக்கு முன்னால் அம்மாவுக்குக் குளிர்காய்ச்சல், நீர்க்கடுப்பு. மருந்துக்கடையில் கேட்டு மூன்று நாள் மாத்திரை போட்டார், காய்ச்சல் விட்டதும் நிறுத்தினார். பத்து நாளில் திரும்ப வந்தது. சிறுநீரில் இருக்கும் கிருமியை வளர்த்துப் பார்க்கும் கல்ச்சர் ரிப்போர்ட்டில் ஈ.கோலை என்ற பாக்டீரியாவின் பெயரைப் போட்டு, மருந்துப் பெயர்களுக்கு நேரே ஆர், ஆர், ஆர் என்று வரிசையாக இறங்கியிருந்தது. ஆர் என்றால் அந்த மருந்து கேட்காது. எஸ், அதாவது கேட்கும் என்று இருந்தது இரண்டே மருந்துக்கு. ஒரு வாரம் ஆஸ்பத்திரியில் ஊசி.

அந்தக் காகிதத்தைக் கையில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். மலக்கோலிபார்மில் பெரும்பாலும் இருப்பது இதே ஈ.கோலைதான். அதன் எண்ணிக்கையை நிலையத்து ரிஜிஸ்டரில் வருடக்கணக்காக எழுதியவன் நான். எந்த மருந்துக்கு அடங்கும் என்று ஒரு நாளும் பார்த்ததில்லை. பார்க்கச் சொல்லி விதியும் இல்லை.

அம்மாவுக்கு வந்தது நிலையத்துத் தண்ணீரால் என்று நான் சொல்லவில்லை. அதைச் சொல்ல ஆதாரம் கிடையாது. பெண்களுக்கு இந்தத் தொற்று பெரும்பாலும் தங்கள் குடலில் இருக்கும் கிருமியாலேயே வருகிறது என்று டாக்டர் விளக்கினார். ஆனால் அந்தக் குடலில் இருப்பதெல்லாம் எங்கள் தொட்டிக்குத்தானே வருகிறது? வீடு, லாட்ஜ், ஆஸ்பத்திரி, கோழிக்கடை எல்லாக் கழிவும் ஒரே இடத்தில் கலக்கிறது. அங்கே ஒரு பாக்டீரியா இன்னொன்றோடு ஒட்டி, மருந்தை எதிர்க்கும் மரபணுவைப் பிளாஸ்மிட் என்ற சின்ன வளையமாகக் கைமாற்றிவிடும். குளோரின் பெரும்பகுதியைக் கொல்லும், எல்லாவற்றையும் அல்ல. டெல்லியில் தெருவில் தேங்கிய தண்ணீர் 171 மாதிரியில் 51-லும், குழாய்த் தண்ணீர் 50-ல் இரண்டிலும், வலுவான மருந்துகளையும் எதிர்க்க வைக்கும் என்.டி.எம்.-1 என்ற மரபணு கிடைத்ததாக 2011-ல் ஆய்வு வந்தது.

அதற்காக நிலையமே வீண் என்று யாரும் கிளம்ப வேண்டாம். அது இல்லாவிட்டால் அத்தனையும் நேராக ஓடைக்குத்தான் போகும். இதைச் சொல்லும்போது இன்னொன்றும் சொல்லிவிடுகிறேன். போன வருடம் வாடகைக்கு வீடு கேட்டுப் போனேன். அட்வான்ஸ் வரைக்கும் பேசி முடித்த பிறகு, வேலை என்ன என்று கேட்டார்கள். சொன்னதும் வீடு வேறு ஒருவருக்குக் கொடுத்தாகிவிட்டது என்றார்கள். அந்த வீட்டுக் கழிவும் எங்களிடம்தான் வருகிறது. இன்னும் ஆறவில்லை.

சரி, உங்கள் தோட்டம். மாத்திரைக்கு அடங்காத இந்தக் கிருமி கொதிக்கும் தண்ணீரில் செத்துவிடும். அதனால் வேகவைத்துத் தின்னும் காய்க்குப் பயம் குறைவு. பூச்செடிக்கும் மரத்துக்கும் தெளிக்காமல் வேரில் விடலாம், கையுறை போட்டுக்கொண்டு. கேரட்டைக் கழுவ ஊற்றுத் தண்ணீர் தனியாக வைத்துக்கொள்ளுங்கள். நீங்கள் எடுக்கும் இடம் நிலையத்துக்கு மேலேயா, கீழேயா? எழுதுங்கள், பார்த்துச் சொல்கிறேன்.