வேலை முடிந்த பின் எழுதித் தந்த வாக்குறுதி செல்லுமா?

வணக்கம். அயலவர் வெளிநாட்டில் இருந்த எட்டு வருடமும் இரணைமடுக் குளத்தின் கீழுள்ள அவருடைய வயலைக் கூலி வாங்காமல் பராமரித்தீர்கள் என்றும், திரும்பி வந்தவர் ஐந்து லட்சம் ரூபாய் தருவதாகக் கையொப்பமிட்ட கடிதம் தந்துவிட்டு, இப்போது 'கைம்மாறு இல்லாத வாக்குறுதி செல்லாது' என மறுக்கிறார் என்றும் எழுதியிருந்தீர்கள்.

அது ஆங்கிலச் சட்டத்தின் வாதம். அங்கேதான் வாக்குறுதிக்கு முன்பே செய்து முடித்த வேலை பொதுவாகக் கைம்மாறாகக் கொள்ளப்படுவதில்லை. இலங்கையின் பொதுவான ஒப்பந்தச் சட்டமாகிய உரோம-டச்சுச் சட்டம் கேட்பது நியாயமான காரணம் ஒன்றையே. ஒழுக்கக் கடமையைத் தீர்ப்பதற்காகவோ தாராள மனத்தாலோ நன்கு யோசித்துக் கொடுத்த வாக்குறுதியையும் நீதிமன்றில் வலியுறுத்தலாம் என்பதை, ஜயவிக்ரம எதிர் அமரசூரிய வழக்கில் 1918இல், அப்போது இலங்கைக்கு இறுதி மேன்முறையீட்டு மன்றமாக இருந்த இலண்டன் பிரிவிக் கவுன்சில் ஏற்றுக்கொண்டது. கடிதத்தில் 'என் வயலைக் காத்துத் தந்ததற்காக' என்று அவரே எழுதியிருக்கிறார் அல்லவா, அந்த ஒரு வரிதான் உங்கள் பெரும் பலம்.

வயலையே தருவதாக எழுதியிருந்தால் 1840ஆம் ஆண்டின் 7ஆம் இலக்கக் கட்டளைச் சட்டப்படி நொத்தாரிசு உறுதி வேண்டியிருந்திருக்கும். பணத்துக்கு அது தேவையில்லை. எழுத்து மூல வாக்குறுதிக்கு வழக்குக் காலம் ஆறு வருடம் என்பதால், மூலக் கடிதத்தை எவரிடமும் கொடுத்துவிடாமல், கிளிநொச்சியில் ஒரு சட்டத்தரணி மூலம் கோரிக்கைக் கடிதத்தை விரைவில் அனுப்புங்கள்.