தோட்டத்தில் பிறந்தநாள்: பெற்றோர் கேள்விகளும் பதில்களும்

கோபிச்செட்டிபாளையம் பக்கத்தில் கறவை மாடுகளும் வெள்ளாடுகளும் வைத்து விவசாயம் செய்துவரும் எங்கள் குழு உறுப்பினர் ஒருவர், பிறந்தநாள் கொண்டாட வரும் குழந்தைகளைத் தம் தோட்டத்தில் வரவேற்று நடத்திவருகிறார். மற்ற உறுப்பினர்களின் கேள்விகளுக்கு அவர் அளித்த பதில்கள் இவை.

கேள்வி (சேலம், ஆறு வயதுச் சிறுமியின் தாய்): வணக்கம் ஐயா. மகளின் பிறந்தநாளைப் பண்ணை போல நடத்த விரும்புகிறோம். அலங்காரத்துக்குக் கேட்கும் தொகையே மலைக்க வைக்கிறது. எங்கிருந்து தொடங்குவது?

பதில்: அலங்காரத்தைக் கடைசியில் பார்த்துக்கொள்ளலாம், அம்மா. மகள் பிறந்த மாதத்தில் உங்கள் வட்டாரத்து வயல்காடுகளில் என்ன வேலை நடக்கிறது என்பதை முதலில் விசாரியுங்கள். தை மாதமென்றால் நெல் அறுப்பும் கரும்பு வெட்டும் இருக்கும்; சித்திரை, வைகாசியில் மாங்காயும் நுங்கும் கிடைக்கும்; ஆடியில் விதைப்பு நடக்கும்; ஆடிப்பட்டத்தில் விதைத்த நிலக்கடலை ஐப்பசி, கார்த்திகை வாக்கில் பிடுங்கும் பக்குவத்துக்கு வரும். இவற்றில் குழந்தைகள் தம் கையால் செய்யக்கூடிய ஏதேனும் ஒரு வேலையைத் தேர்ந்தெடுத்து, விழா முழுவதையும் அதைச் சுற்றியே அமையுங்கள். என்னைக் கேட்டால் நிலக்கடலைக்கு ஈடு எதுவும் இல்லை. ஈர மண்ணில் செடியைப் பிடித்து இழுத்ததும் கொத்தாகக் காய் வெளிவருவதும், மேலே பூத்த பூவிலிருந்து விழுது இறங்கி மண்ணுக்குள் காயாக மாறியிருப்பதை அவர்களே கண்ணால் காண்பதும் எந்தப் பொம்மையாலும் தர முடியாத அனுபவம். பிடுங்கிய கடலையை அங்கேயே வேக வைத்துக் கொடுத்துவிட்டால் பாதி விருந்தும் முடிந்துவிடும்.

கேள்வி (கோயம்புத்தூர், தந்தை): ஏப்ரல் மாதத்தில் பகல் பன்னிரண்டு மணிக்குக் கேக் வெட்டி, அதன் பிறகு மாட்டு வண்டிச் சவாரி வைக்கலாம் என்று நினைக்கிறோம். சரியாக இருக்குமா?

பதில்: வேண்டாம். காலை ஏழரைக்குத் தொடங்கிப் பத்தரைக்குள் வெளிவேலைகளை முடித்துவிடுங்கள். வெயில் குழந்தைகளை மட்டுமல்ல, மாட்டையும் வாட்டும். வெப்பம் 37 டிகிரி செல்சியஸைத் தாண்டும் இடங்களில் பகல் 12 மணி முதல் 3 மணி வரை வண்டி மாடுகளை வேலை வாங்கக் கூடாது என்று 1965ஆம் ஆண்டின் மத்திய அரசு விதியே சொல்கிறது. காலையில் வண்டி ஓட்டினாலும் சிறு குழந்தைகளுடன் ஒரு பெரியவர் வண்டியில் உட்கார்ந்திருக்க வேண்டும். ஓடும் வண்டியில் ஏறவோ சக்கரத்தின் அருகே கையை நீட்டவோ விடக் கூடாது.

கேள்வி (மதுரை, சித்தி): வரும் குழந்தைகளுக்கெல்லாம் வண்ணக் கோழிக்குஞ்சு ஒவ்வொன்றைப் பரிசாகக் கொடுக்கலாம் என்று அக்கா சொல்கிறார். உங்கள் கருத்து?

பதில்: தயவு செய்து இதைத் தடுத்துவிடுங்கள். முட்டைக்கோழி இனங்களில் சேவல் குஞ்சுகள் முட்டை இடுவதுமில்லை, இறைச்சிக்கு லாபமாக வளர்வதுமில்லை. பொரிப்பகங்களில் அப்படிக் கழிக்கப்படுபவற்றுக்கே பெரும்பாலும் சாயம் பூசிச் சந்தையில் விற்கிறார்கள். முதல் வாரத்தில் குஞ்சுக்குச் சுமார் 35 டிகிரி செல்சியஸ் கதகதப்பு வேண்டும். தாய்க்கோழியின் இறகுக்கடியில் இயல்பாகக் கிடைக்கும் அந்தச் சூடு அட்டைப்பெட்டிக்குள் கிடைக்காது. பிறந்தநாள் பரிசாக வந்த உயிர் இரண்டு நாளில் கையிலேயே விறைத்துப்போவதை ஒரு குழந்தை ஏன் பார்க்க வேண்டும்? குஞ்சுகள் சால்மோனெல்லா கிருமியைப் பரப்பக்கூடியவை என்பதும் நினைவில் இருக்கட்டும். தாயோடு திரியும் குஞ்சுகளுக்குத் தோட்டத்திலேயே நொய்யரிசி தூவச் சொல்லுங்கள். அந்த மகிழ்ச்சி போதும்.

கேள்வி (ஈரோடு, தாய்): மீதமாகும் சோற்றையும் கேக்கையும் ஆடு மாடுகளுக்குக் குழந்தைகளே ஊட்டட்டும் என்று விட்டுவிடலாமா?

பதில்: கூடவே கூடாது. ஆடு மாடுகளின் பெருவயிறு புல்லையும் தழையையும் மெல்ல நொதிக்க வைப்பதற்காக அமைந்தது. பழக்கமில்லாத மாட்டுக்குச் சோறு, கேக், மாவுப் பண்டம் போன்றவை திடீரென்று மிகுதியாகப் போனால் வயிற்றில் அமிலம் பெருகி, அசைபோடுவது நின்று, வயிறு உப்பி, ஓரிரு நாளில் உயிரே போய்விடலாம். விருந்து நடந்த வீட்டின் மிச்சச் சோற்றைத் தின்று மாடு இறந்தது என்று கிராமங்களில் கேள்விப்படுவதற்குக் காரணம் இதுவே. அகத்திக் கீரையோ வேலிமசாலோ சிறு கட்டுகளாகக் கட்டி வைத்து, ஆளுக்கு ஒரு கட்டுக் கொடுங்கள். வெடித்த பலூன் துண்டுகளையும் பிளாஸ்டிக் உறைகளையும் கையோடு பொறுக்கிவிட வேண்டும், ஏனென்றால் மாடு அவற்றையும் விழுங்கிவிடும். தீவனம் கொடுத்து முடித்த பிறகு ஒவ்வொரு குழந்தையும் சோப்புப் போட்டு ஓடும் நீரில் கை கழுவியாக வேண்டும். அழுக்கான கைக்குக் கிருமிநாசினித் திரவம் மட்டும் போதாது.

கேள்வி (சென்னை, தாய்): அடுக்குமாடிக் குடியிருப்பில் இருக்கிறோம். தோட்டமே கிடையாது. ஆட்டுக்குட்டியை வாடகைக்குக் கொண்டுவரலாமா?

பதில்: குட்டியைத் தாயிடமிருந்து பிரித்து, வாகனத்தில் ஏற்றி, இரைச்சலுக்கு நடுவே நிறுத்துவதை நான் ஏற்கமாட்டேன். மொட்டை மாடியின் நிழலான பகுதியில் தார்ப்பாய் விரித்து, கொட்டாங்குச்சியில் மண் நிரப்பி, குழந்தைகளை வெந்தயம் விதைக்கச் சொல்லுங்கள். மூன்று நான்கு நாளில் முளைத்துவிடும் என்பதால் வீட்டுக்குக் கொண்டுபோன பிறகும் அவர்களின் ஆர்வம் குறையாது. பழைய சட்டைக்குள் வைக்கோல் திணித்துச் சோளக்கொல்லைப் பொம்மை செய்வது, களிமண்ணில் மாடு பிடிப்பது, பூவரசு இலையைச் சுருட்டிப் பீப்பி ஊதுவது ஆகியவற்றுக்கும் பெரிய செலவில்லை. விதையில் மட்டும் கவனம் வேண்டும். கடையில் விற்கும் விதைப்பு விதைகள் பலவற்றில் பூஞ்சைக்கொல்லி மருந்து கலந்து நிறமேற்றியிருப்பார்கள். சமையலறை வெந்தயமும் பச்சைப்பயறும்தான் பாதுகாப்பானவை. அழகாக இருக்கிறது என்பதற்காகக் குன்றிமணியையோ ஆமணக்கு விதையையோ கைவேலைக்குக் கொடுத்துவிடாதீர்கள். மென்று விழுங்கினால் இரண்டும் உயிருக்கே ஆபத்தான நஞ்சு.

கேள்வி (திருச்சி, தந்தை): முதல் பிறந்தநாள் விழா இது. வருபவர்களில் பல கைக்குழந்தைகள் உண்டு. உணவில் எதைத் தவிர்க்க வேண்டும்?

பதில்: ஒரு வயது நிறையாத குழந்தைக்குத் தேனை நாக்கில் தடவக்கூடக் கூடாது. முழு நிலக்கடலை, பொரிகடலை, முழுத் திராட்சை ஆகியவை சிறு குழந்தைகளின் மூச்சுக்குழாயை அடைத்துவிடலாம். கறந்த பாலைக் காய்ச்சாமல் யாருக்கும் கொடுக்க வேண்டாம்.

கேள்வி (நாமக்கல், தாய்): உறவினர் தோட்டத்தில் இருபது குழந்தைகளைக் கூட்டப்போகிறோம். கிணறு, பாம்பு என்று நினைத்தாலே அச்சமாக இருக்கிறது.

பதில்: உங்கள் அச்சம் நியாயமானது, அம்மா. முந்தைய நாள் பகலில் தோட்டம் முழுவதையும் ஒருமுறை நடந்து பாருங்கள். திறந்த கிணற்றுக்குக் கைப்பிடிச் சுவரோ கம்பி வலையோ இல்லாவிட்டால், அந்தப் பக்கமே போக முடியாதபடி கயிறு கட்டி, வேறு வேலை எதுவும் கொடுக்காமல் ஒரு பெரியவரை அங்கே நிறுத்துங்கள். கைவிட்ட ஆழ்துளைக் கிணறுகளைப் பற்றித் தோட்டக்காரரிடம் வெளிப்படையாகக் கேளுங்கள். அவற்றை மூட வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் 2010ஆம் ஆண்டிலேயே நெறிமுறை வகுத்தும், 2019 அக்டோபரில் மணப்பாறை அருகே இரண்டு வயதுக் குழந்தையை நாம் இழந்தோம். மேலே கல்லையோ சாக்கையோ போட்டு மூடியிருந்தால் அதை நம்பாதீர்கள். இரும்பு மூடி திருகாணி போட்டு இறுக்கப்பட்டிருக்க வேண்டும். பம்புசெட் தொட்டியில் தண்ணீர் முழங்காலளவு இருந்தாலும் குழந்தைகளைத் தனியாக விடக் கூடாது.

பாம்பைப் பொறுத்தவரை, பழைய வைக்கோல் போரில் குதித்து விளையாட விடாதீர்கள். எலி இருக்கும் இடத்துக்குப் பாம்பும் வரும். புதிதாகப் பிரித்து உதறிய வைக்கோலைத் திறந்த வெளியில் பரப்பிக் கொடுக்கலாம். அனைவரும் மூடிய காலணி அணிந்து வர வேண்டும் என்று அழைப்பிலேயே எழுதிவிடுங்கள். பாம்பு கடித்துவிட்டால் கட்டுப்போடுவதிலும் கீறுவதிலும் நேரத்தை வீணாக்காமல், கடிபட்ட உறுப்பை அசைக்காமல் அரசு மருத்துவமனைக்குக் கொண்டுபோக வேண்டும். தோட்டத்து நாய் பிராண்டினாலும் கடித்தாலும், காயத்தைச் சோப்பும் ஓடும் நீரும் கொண்டு பதினைந்து நிமிடம் கழுவிவிட்டு, அன்றே வெறிநோய்த் தடுப்பூசிக்குச் செல்லுங்கள்.

கேள்வி (திருப்பூர், தாத்தா): என் பேரன் மாட்டைக் கண்டாலே அழுகிறான். அவனை எப்படிப் பழக்குவது?

பதில்: ஐயா, கட்டாயப்படுத்தித் தொட வைக்க வேண்டாம். வேலிக்கு இந்தப் பக்கம் நின்று பார்க்கட்டும்; தழையை நீளமான குச்சியில் கட்டி நீட்டச் சொல்லுங்கள். அவனே அருகில் போக விரும்பினால் மாட்டின் தோள் பக்கமாக அழைத்துச் செல்லுங்கள். மாட்டுக்குப் பக்கவாட்டில் கண் நன்றாகத் தெரியும், ஆனால் நேர் பின்னால் தெரியாது. அங்கிருந்து யாராவது நெருங்கினால் மிரண்டு உதைக்கும். கன்று ஈன்று சில நாளே ஆன பசுவிடம் எந்தக் குழந்தையையும் அழைத்துப் போகாதீர்கள், அது எவ்வளவு சாதுவாக இருந்தாலும்.