112 சரியா, 68 சரியா?

கேள்வி: சாயப்பட்டறை லேபில் ஷேடு மேட்சிங் பார்க்கிறேன், டாக்டர். கம்பெனியில் வைத்த 100 ஹ்யூ கலர் டெஸ்ட்டில் எனக்கு 112 வந்தது. மறுபடி கேட்டு எழுதினேன், 68. முதல் மார்க்கை வைத்தே என்னைப் பேக்கிங்குக்கு மாற்றப் பார்க்கிறார்கள். எது சரி?
– வாசகர், திருப்பூர்

பதில்: அவசரப்பட்டு மாற்ற வேண்டாம் என்று நான் சொன்னதாகவே உங்கள் மேனேஜரிடம் காட்டுங்கள்.

ஃபார்ன்ஸ்வொர்த் என்ற ஆய்வாளர் 1943-ல் கொண்டுவந்த தேர்வு இது. பெயரில்தான் 100, நிற வில்லைகள் 85. அடியில் எண் போட்ட அந்த வில்லைகளை, நிறம் படிப்படியாக மாறும் வரிசையில் அடுக்க வேண்டும். வருவது பிழைக் கணக்கு என்பதால் குறையக் குறைய நல்லது. 20 முதல் 100 வரை சராசரி, அதற்கு மேல் போனால் நிறம் பிரித்தறியும் திறன் குறைவு என்பார்கள். நீங்கள் கோட்டைக் கொஞ்சம்தான் தாண்டியிருக்கிறீர்கள்.

அந்த 112 எப்படி வந்தது என்று பார்க்க வேண்டும். ஒவ்வொரு வில்லையின் எண்ணுக்கும் இருபக்கத்து எண்களுக்கும் உள்ள வித்தியாசங்களைக் கூட்டி 2 கழிப்பார்கள். 34-ம் 35-ம் இடம் மாறினால் 33 முதல் 36 வரை தலா 1, மொத்தம் 4. அவ்வளவுதான். ஆனால் நீங்கள் சரியாக அடுக்கியும், வில்லையின் அடியில் உள்ள 45-ஐத் தாளில் ஏற்றுபவர் 54 என்று எழுதிவிட்டால், அந்த ஒரு கைப்பிழைக்கே 32 ஏறிவிடும்! 112-இல் 32 போனால் 80, நீங்கள் சராசரிக்குள் வந்துவிடுவீர்கள். அதனால் முதலில் அந்தத் தாளைக் கேட்டு வாங்குங்கள். ஏதாவது எண் இரண்டு தடவை இருக்கிறதா, ஏதாவது விட்டுப்போயிருக்கிறதா என்று ஒவ்வொன்றாக டிக் அடித்துப் பாருங்கள். கம்ப்யூட்டரில் கணக்குப் போட்டிருந்தாலும் எண்ணை ஏற்றியது ஒரு ஆள்தானே.

அப்புறம் வெளிச்சம். ஆபீஸ் டியூப்லைட்டில் வைத்த தேர்வை நான் ஏற்கமாட்டேன். 6500 கெல்வின் பகல் வெளிச்சம் வேண்டும். உங்கள் லைட் பாக்ஸில் டி65 இருக்குமே, அதுதான். வில்லையைக் கறுப்பு விளிம்பில்தான் பிடிக்க வேண்டும். விரல் பட்டுப் பட்டு அழுக்கேறிய செட் என்றால் யாருடைய மதிப்பெண்ணையும் நம்ப முடியாது.

68-ஐயும் நான் அப்படியே எடுத்துக்கொள்ளமாட்டேன். பழகிய கைக்கு இரண்டாம் முறை பிழை குறைவது சகஜம். சரியான வெளிச்சத்தில் இன்னொரு தடவை எழுதுங்கள். மொத்த மதிப்பெண்ணோடு, எந்த வில்லையில் எவ்வளவு பிழை என்று வட்டமாகக் காட்டும் வரைபடத்தையும் கேளுங்கள். பிழைகள் சுற்றிலும் சிதறியிருந்தால் அசதியோ கவனக்குறைவோ காரணமாக இருக்கலாம். எதிரெதிரே இரண்டு பக்கமாகக் குவிந்திருந்தால் நிறப் பார்வைக் குறையாக இருக்கலாம்; மதிப்பெண் 68 ஆனாலும் சரி, அந்த வரைபடத்தோடு கண் டாக்டரைப் பாருங்கள்.